ரெட்டிகுலோசைட்டு எண்ணிக்கை

ரெட்டிகுலோசைட்டு எண்ணிக்கை என்பது குருதியில் உள்ள முதிராத செங்குருதியணுக்களின் அளவைக் கண்டறியும் ஆய்வகச் சோதனை ஆகும். குருதிச்சோகை உள்ள ஒருவரின் எலும்பு மச்சை போதிய புதிய அணுக்களை உருவாக்குகிறதா என்பதை இது காட்டுகிறது. ஈமோகுளோபின் அளவை மட்டும் கொண்டு இதனை அறிய இயலாது.

பெயரும் இயல்பு அளவும்

எலும்பு மச்சையில் உருவாகும் செங்குருதியணு, வளர்ச்சியின் இறுதிக் கட்டத்தில் தன் கருவை வெளியேற்றிவிடுகிறது. அதன் பின்னரும் சில நாட்களுக்கு ஆர்.என்.ஏ. அதனுள் எஞ்சியிருக்கும். இந்நிலையில் உள்ள அணுவே ரெட்டிகுலோசைட்டு எனப்படுகிறது. நியூ மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தைச் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் எஞ்சிய ஆர்.என்.ஏ. நீல நிற வலைபோல் தெரியும். சிறு வலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது.

செங்குருதியணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாட்கள். ரெட்டிகுலோசைட்டு குருதியோட்டத்தில் சேர்ந்து ஏறத்தாழ ஒரு நாளில் முதிர்ந்துவிடும். ஆகவே மொத்தச் செங்குருதியணுக்களில் 120-இல் ஒரு பங்கு, அதாவது 1 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக, இவை இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு இயல்பு எனக் கருதப்படும் 0.5 முதல் 2.5 விழுக்காடு வரையான அளவு இந்த எளிய கணக்குடன் ஒத்துப்போகிறது. பச்சிளங் குழந்தைகளுக்கு இது கூடுதலாக இருக்கும்.

முன்பு 1000 அணுக்களை நுண்ணோக்கியில் எண்ணியே விழுக்காடு கணித்தனர். தற்போது பல ஆய்வகங்களில் ஒளிரும் சாயத்தைப் பயன்படுத்தும் தானியங்கிக் கருவிகள் இதனைச் செய்கின்றன.

விழுக்காட்டைத் திருத்துதல்

அறிக்கையில் உள்ள விழுக்காட்டை அப்படியே எடுத்துக்கொள்வது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லக்கூடும். எடுத்துக்காட்டாக, ஒருவரின் ரெட்டிகுலோசைட்டு அளவு 5 விழுக்காடு எனக் கொள்வோம். இது இயல்பைவிட இரு மடங்கு என்பதால் மச்சை நன்கு இயங்குவதாகத் தோன்றும். ஆனால் அவருடைய ஹெமடோகிரிட், அதாவது குருதியின் கனவளவில் செங்குருதியணுக்களின் பங்கு, 45-க்குப் பதிலாக 25 விழுக்காடே உள்ளது. மொத்த அணுக்கள் குறைந்துவிட்டதால் இளம் அணுக்களின் விகிதம் உயர்ந்து தெரிகிறது. 5-ஐ 25-ஆல் பெருக்கி 45-ஆல் வகுத்தால் 2.8 மட்டுமே கிடைக்கும்.

இன்னொரு திருத்தமும் தேவை. கடும் சோகையில் மச்சை முதிராத அணுக்களை முன்கூட்டியே வெளியேற்றுவதால், அவை குருதியில் கூடுதல் நாட்கள் இளம் அணுக்களாகவே தங்குகின்றன. ஹெமடோகிரிட் 25 எனில் இக்காலம் ஏறத்தாழ இரு நாட்கள். எனவே 2.8-ஐ 2-ஆல் வகுக்க, விடை 1.4 ஆகிறது. இவ்விடையே ரெட்டிகுலோசைட்டு உற்பத்திக் குறியீடு ஆகும். சோகை உள்ளவரிடம் இது 2-க்குக் குறைந்தால் மச்சையின் எதிர்வினை போதாது எனவும், 3-க்கு மேற்பட்டால் போதுமானது எனவும் கொள்வர். மேற்கண்டவரின் மச்சை உண்மையில் பின்தங்கியுள்ளது.

குறியீடு உயர்ந்திருந்தால் குருதி இழப்பையோ செங்குருதியணுச் சிதைவையோ தேட வேண்டும். குறைந்திருந்தால் இரும்பு, போலிக் அமிலம், உயிர்ச்சத்து பி12 ஆகியவற்றின் குறைபாடு, சிறுநீரக நோய், மச்சையின் செயலிழப்பு முதலியன காரணமாகலாம். திடீர்க் குருதி இழப்பின் முதல் சில நாட்களில், மச்சைக்கு இன்னும் கால அவகாசம் கிடைக்காததால், எண்ணிக்கை உயராது. அண்மையில் குருதி ஏற்றப்பட்டிருந்தாலும் முடிவு மாறக்கூடும்.

சிகிச்சையில் பயன்பாடு

1926-ஆம் ஆண்டு பாஸ்டனில் ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி ஆகிய மருத்துவர்கள், அந்நாளில் உயிர்க்கொல்லியாக இருந்த பெர்னீசியஸ் சோகைக்கு ஈரல் உணவு பயனளிப்பதாக அறிவித்தனர். உணவு தொடங்கிய சில நாட்களிலேயே ரெட்டிகுலோசைட்டுகள் பெருகியது அதற்கான தொடக்கச் சான்றாக அமைந்தது. 1934-இல் இவர்கள் ஜார்ஜ் விப்பிளுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இன்றும் இரும்பு அல்லது பி12 சிகிச்சை தொடங்கினால், ஈமோகுளோபின் தெளிவாக உயர்வதற்கு முன்பே, ஒரு வாரத்தை ஒட்டி ரெட்டிகுலோசைட்டுகள் உயர்கின்றன. உயரவில்லை எனில், மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படவில்லை, உடலில் சேரவில்லை, அல்லது நோய் வேறு என மருத்துவர் ஐயுறுவார்.