எல்லைப் பனை யாருக்கு?

திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் எல்லைத் தகராறு என்றால் நடுவில் ஒரு பனை நிற்கும். பதநீர், ஓலை, மட்டை என்று அத்தனையும் காசாகிற மரம். வரப்பில் நின்றால் இரு வீட்டாரும் உரிமை கேட்பார்கள். சட்டத்தின் பதில் சுருக்கமானது. அடிமரம் எவர் மண்ணில் நிற்கிறதோ, மரம் அவருக்கு; கோட்டின் மேலேயே நின்றால் இருவருக்கும் பொது. ஆகவே முதலில் தெரிய வேண்டியது, கோடு எங்கே என்பதுதான்.

அந்தக் கோடு இங்கே எளிதில் தொலையும். தேரிச் செம்மணலை ஆனி, ஆடி மேல்காற்று அள்ளிவந்து அளவுக்கல்லை மூடிவிடும். வேலி என்பதும் வெறும் கருக்குமட்டையும் உடைமுள்ளும்தான். மக்கிப்போய்ப் பிரித்துக் கட்டும்போதெல்லாம் ஒரு சாண் நகரும். 'சொந்தக்காரங்கதானே' என்று விட்டுவிடுவதில்தான் ஆபத்து. அடுத்தவர் நிலத்தைத் தனதென்றே வெளிப்படையாக 12 ஆண்டு தொடர்ந்து வைத்திருந்தால், 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி எதிரிடை அனுபவம் கோர முடியும்.

முதலில் எஃப்.எம்.பி. எனும் புலப்படத்தை எடுங்கள்; அரசின் இணையதளத்திலேயே கிடைக்கும். பட்டாவை மட்டும் நம்ப வேண்டாம். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். எனும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் புகுந்த பிழைகள் இன்றும் பல பட்டாக்களில் தொடர்கின்றன. பத்திரத்தில் பரப்பும் நான்கெல்லையும் முரண்பட்டால், நீதிமன்றங்கள் பொதுவாக நான்கெல்லைக்கே முதலிடம் தருகின்றன. அதன்பின் நில அளவைக்கு விண்ணப்பியுங்கள். சர்வேயர் அளக்கும் நாளில் பக்கத்துக்காரரும் கூட நிற்க வேண்டும். அவரை விட்டுவிட்டு நட்ட கல் நிலைக்காது.

தூத்துக்குடி நகரத்தின் இரண்டு, மூன்று சென்ட் மனைகளில் சண்டை வேம்பின் கிளைக்கும் முருங்கைக்கும். உங்கள் எல்லைக்குள் நீண்ட கிளையை, அவர் இடத்தில் கால் வைக்காமல் நீங்களே வெட்டலாம். லெமன் - வெப் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை சொன்ன நெறி இது. ஆனால் வெட்டிய கிளையும் அதில் தொங்கிய காயும் மரத்துக்காரருக்கே. சட்டம் கேட்காவிட்டாலும், பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அரிவாளை எடுப்பதே முறை என்பேன்.

மரம் விழுந்து ஆட்களைக் காயப்படுத்தும் நிலையில் இருந்தால் சிவில் வழக்குக்குக் காத்திருக்க வேண்டாம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவைச் சுட்டிக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

பனையைக் கோபத்தில் தொடாதீர்கள். மாநில மரம் அது. வெட்டுவதற்கு ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. பாளை விடவே பத்துப் பதினைந்து ஆண்டு எடுத்துக்கொள்ளும் மரத்தை, ஒரு சாண் மண்ணுக்காக ஒரே பகலில் சாய்ப்பது எந்த வீட்டுக்கும் லாபமில்லை.

வழக்கு ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருந்தாலும், இருவரும் ஒப்பினால் மக்கள் நீதிமன்றத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அங்கே ஏற்படும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.