பேக்கப் பாதியில் நிற்கிறதா?

கூடலூரில் திராட்சை விற்ற கணக்கு முழுவதும் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது என வைத்துக் கொள்வோம். தானாக நடக்கும் பேக்கப், "பைலில் வைரஸ் உள்ளது" என்று பாதியில் நின்றுவிட்டது. இந்த நேரத்தில் ஹார்ட் டிஸ்க் கெட்டால் கணக்கும் போய்விடும்.

காரணம், பழைய மெயில் ஒன்றின் அட்டாச்மெண்ட்டில் உள்ள வைரஸாக இருக்கலாம். பேக்கப் புரோகிராம் அந்த பைலைப் படிக்கும்போது ஆன்டி வைரஸ் தடுத்துவிடுகிறது.

ஆன்டி வைரஸை நிறுத்திவிட்டு பேக்கப் எடுக்காதீர்கள். வைரஸும் சேர்ந்து காப்பி ஆகும். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'புரொடெக்ஷன் ஹிஸ்டரி' பகுதியைத் திறந்தால், சிக்கிய பைலின் இடம் தெரியும்.

தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு போல்டரின் மெயில்கள் அனைத்தையும் ஒரே பைலில் வைக்கும். அதை அழித்தால் எல்லா மெயிலும் போகும். எனவே வைரஸ் மெயிலை மட்டும் நீக்கி, டிராஷைக் காலி செய்து, அது இருந்த போல்டருக்கு 'காம்பேக்ட்' கட்டளை கொடுங்கள். அதன்பின் பேக்கப்பை இயக்கி, ஒரு பைலையாவது ரீஸ்டோர் செய்து சோதியுங்கள்.