மலிந்த விலையும் மறைந்த துருவும்

ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் செய்யும் பெருஞ்செலவுகள் இரண்டு. ஒன்று மக்களின் திருமணம், மற்றொன்று வீடு. முன்னதற்குப் பத்துப் பேரிடம் விசாரிக்கும் நாம், பின்னதற்குச் சுவரின் வண்ணத்தைக் கண்டே மனம் ஒப்பிவிடுகிறோம். இதனால் நேரும் துயரத்திற்குப் பிரிட்டனின் ஆலை வார்ப்பு வீடுகள் நல்ல சான்றாகும்.

இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அந்நாட்டில் எண்ணற்றோர் வீடிழந்தனர். செங்கல்லுக்கும் கொத்தனாருக்கும் பெரும் பஞ்சம். ஆகவே வீட்டின் பகுதிகளை ஆலைகளிலே செய்து, மனைக்குக் கொணர்ந்து பூட்டும் முறை கைக்கொள்ளப்பட்டது. 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏறத்தாழ 1,56,000 தற்காலிகச் சிறு வீடுகள் எழுந்தன. அவையன்றி, நிலையான இல்லங்களாகக் கருதி, வார்த்தெடுத்த கான்கிரீட்டினால் மாடி வீடுகளும் கட்டப்பட்டன. லீட்ஸ் நகரைச் சேர்ந்த எட்வின் ஏய்ரி வகுத்த முறையில் மட்டும் ஏறத்தாழ 26,000 வீடுகள் உருவாயின. மெல்லிய கான்கிரீட் தூண்கள்; அவற்றின் உள்ளே எஃகு; வெளியே ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அடுக்கிய கான்கிரீட் பலகைகள்; இதுவே அவற்றின் அமைப்பு.

உள்ளாட்சி மன்றங்களுக்கு உரியவையாயிருந்த இவ்வீடுகளை, அவற்றில் குடியிருந்தோரே சலுகை விலைக்கு வாங்கும் உரிமையை 1980ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. உழைப்பாளிக் குடும்பங்கள் பல, சேமிப்பைத் திரட்டி மகிழ்ச்சியோடு வாங்கின. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்திலேயே, தீப்பற்றிய ஓர் ஏய்ரி வீட்டை ஆராய்ந்தபோது, தூண்களில் வெடிப்புகள் காணப்பட்டன. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்லிய கான்கிரீட்டினுள் ஆண்டுக்கணக்கில் ஊடுருவ, எஃகைக் காக்கும் அதன் காரத்தன்மை குன்றுகிறது. விரைவில் இறுகுவதற்காகச் சில வார்ப்புகளில் சேர்த்த குளோரைடு உப்பும் எஃகை அரிக்கிறது. துரு பருக்கிறது, பருத்த துரு கான்கிரீட்டைப் பிளக்கிறது.

சுவர்கள் நின்றன, மதிப்போ சரிந்தது. அடமானக் கடன் தருவோர் கைவிரித்தனர். வாங்கியவர்களால் விற்கவும் இயலவில்லை, செப்பனிடவும் பொருளில்லை. 1984ஆம் ஆண்டு வந்த சட்டமே அவர்களுக்குக் கைகொடுத்தது. தகுதியுள்ளோர்க்குச் செப்பனிடும் செலவில் பொதுவாக நூற்றுக்கு 90 பங்கு மானியம். அல்லது குறையில்லாத வீட்டின் மதிப்பில் நூற்றுக்கு 95 பங்கு கொடுத்து வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுதல். குறை வெளிப்படுமுன் வாங்கியோர்க்கே அச்சலுகை உரியது. இன்று இத்தகைய வீட்டை வாங்குபவர் அதனை எதிர்பார்க்க இயலாது.

அங்ஙனமாயின், வாங்க விழைவோர் செய்யத்தக்கது யாது?

முதலாவது, தூணைப் பார்த்தல். இவ்வகை வீடுகளை நன்கறிந்த பொறியாளர் கான்கிரீட்டின் மாதிரியை எடுத்துச் சோதிக்க வேண்டும். அக்காலப் பலகைகளிலும் கூரைத் தகடுகளிலும் கல்நார் இருக்கக்கூடுமாதலால், சோதிக்குமுன் எதனையும் உடைத்தலோ துளையிடுதலோ ஆகாது.

இரண்டாவது, பத்திரத்தைப் பார்த்தல். முறையான செப்பனிடுதல் என்பது கூரையை முட்டுக்கொடுத்துத் தாங்கி, பழைய தூண்களையும் பலகைகளையும் பகுதி பகுதியாக அகற்றி, பாரந்தாங்கும் புதுச் சுவர் எழுப்புவதாகும். பழைய தூணை உள்ளே விட்டுவிட்டு வெளியே செங்கல் போர்த்துவது வெறும் ஒப்பனை. எனவே பணி முறைப்படி முடிந்ததற்கான பொறியாளர் சான்றிதழ் கையில் வேண்டும். கடன் தருவோர் முதலில் கேட்பதும் அதுவே.

மூன்றாவது, அயலானைப் பார்த்தல். இவற்றுள் பல, ஒரே நடுச்சுவரைப் பகிர்ந்து நிற்கும் இரட்டை வீடுகள். நம் பக்கம் செப்பமாயிருப்பினும், அடுத்த பாதி பழுதாகவே இருந்தால் கடன் மறுக்கப்படுவதுண்டு. ஆதலால் இரு குடும்பங்களும் கலந்துபேசி ஒருங்கே பணியைத் தொடங்குவதே நலம். அயலானை நேசி என்னும் கட்டளை, ஈண்டு சுவர்க் கணக்கிலும் மெய்யாகிறது!

கோபுரம் கட்டத் தொடங்கி, முடிக்க வகையின்றி நகைப்புக்கு ஆளானவனை ஆண்டவர் உவமையிற் காட்டினார். விலையோடு செப்பனிடும் செலவையும் கூட்டிப் பார்த்து, அது குடும்பத்தின் வருவாய்க்குள் அடங்குமாயின் துணிந்து வாங்கலாம். நன்கு புதுக்கப்பட்ட பழைய வீடு நெடுங்காலம் நிழல் தரும். அடங்காதாயின், இன்னுஞ் சில காலம் வாடகை வீட்டில் அமைதியுடன் வாழ்வது இழிவன்று. பிள்ளைகளுக்குத் தேவை பெற்றோரின் பெயரில் எழுதிய சுவர் அன்று. கடன் கவலையால் உறக்கம் இழக்காத பெற்றோரே.