பச்சைப் பொடி குடித்தால் பறந்து போகுமா நோய்?
அக்காள்மடம் டீக்கடை பெஞ்சில் ஜப்பான் "மாட்சா" பேச்சு

அக்காள்மடம்:-

"மாஸ்டர், சீனி தூக்கலா ஒரு டீ!"

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே, ராமேசுவரம் ரோட்டின் மேல் இருக்கிறது அக்காள்மடம். பொழுது விடியுமுன்பே பாய்லர் கொதிக்கும் டீக்கடைகளில் தினமும் கேட்கிற குரல் இது.

இப்போது அதே பெஞ்சில் இன்னொரு பேச்சும் அடிபடுகிறது. ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது. அதில் ஒரு விளம்பரம். பாசி நிறத்தில் ஒரு பொடி. பெயர் "மாட்சா". ஜப்பான் சரக்காம். சுடுதண்ணீரில் கலக்கிக் குடித்தால் தொப்பை கரையுமாம். சர்க்கரை வியாதி ஓடுமாம். புற்றுநோய் அண்டாதாம்.

"அப்போ டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திடலாமாண்ணே?"

இந்தக் கேள்விதான் விவகாரம். நிறுத்தினால் உயிருக்கே உலை வைக்கும். ஆகவே அந்தப் பொடிக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

நிழலில் வளர்த்த இலை

மாட்சா ஏதோ புது மூலிகை அல்ல. நம் டீக்கடை டஸ்ட் டீயும் அதுவும் ஒரே செடியின் இலைதான். பக்குவத்தில்தான் வித்தியாசம்.

ஜப்பானில் இலை பறிப்பதற்குச் சுமார் 3 வாரம் முன்பே செடிக்கு மேல் பந்தல் போட்டு வெயிலை மறைத்து விடுகிறார்கள். வெளிச்சம் குறைந்ததும் இலை கரும்பச்சையாகிறது. பறித்த இலையை உடனே ஆவியில் வேகவைத்து, காயவைத்து, நரம்பும் காம்பும் நீக்கி, கல் திருகையில் மாவாக அரைக்கிறார்கள். கியோட்டோ பக்கத்தில் இருக்கிற ஊஜி இதற்குப் பேர் போன ஊர். தேநீரை உடம்புக்கு மருந்து என்று புத்தகம் எழுதி ஜப்பானில் பரப்பியவர் எய்சாய் என்ற புத்தத் துறவி. அந்தப் புத்தகம் வந்த வருஷம் 1211.

டீ போட்டால் சாறு மட்டும் நமக்கு, சக்கை குப்பைக்கு. மாட்சாவில் சக்கையே கிடையாது. இலையையே விழுங்கி விடுகிறோம். விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொண்டது இந்தச் சங்கதியைத்தான்.

100 கிராம் தந்திரம்

டப்பாவின் முதுகில் பெரிய பெரிய கணக்கு போட்டிருக்கும். அதில் பொய் இல்லை. ஜப்பான் அரசின் உணவுப் பட்டியல்படியே 100 கிராம் மாட்சாவில் புரதம் சுமார் 30 கிராம், நார்ச்சத்து 38 கிராம், இரும்புச்சத்து 17 மில்லிகிராம், சுண்ணாம்புச்சத்து 420 மில்லிகிராம், வைட்டமின் சி 60 மில்லிகிராம் இருக்கிறது. கேட்டால் வாய் பிளக்கும்.

ஆனால் 100 கிராமை யார் குடிக்கிறார்கள்? ஒரு கப்புக்குப் போடுவது 2 கிராம்.

இப்போது வகுத்துப் பாருங்கள். புரதம் அரை கிராமுக்குச் சற்று மேல். இரும்பு 0.34 மில்லிகிராம். வைட்டமின் சி ஒரு மில்லிகிராமும் சொச்சமும். ஒரு பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய சத்துணவு நிறுவனம். 0.34 எந்த மூலைக்கு?

கொல்லையில் நிற்கிற முருங்கையில் ஒரு கிளை ஒடித்தால் போதும். 100 கிராம் கீரையில் இரும்பு சுமார் 4½ மில்லிகிராம், சுண்ணாம்பு 300 மில்லிகிராமுக்கு மேல். அந்தக் கீரையை 100 கிராம் ஒருவர் உட்கார்ந்து சாப்பிட முடியும். மாட்சாவை முடியாது.

நிஜமான சரக்கு

அப்படியானால் பொடி வெறும் ஏமாற்றா? அதுவும் இல்லை.

பச்சைத் தேயிலையின் பலம் புரதத்திலோ இரும்பிலோ இல்லை. "காட்டெச்சின்" என்ற துவர்ப்புப் பொருளில் இருக்கிறது. அடுத்தது "தியானின்". நிழலில் வளர்ந்த இலையில் இது அதிகம். மூன்றாவது காபீன். 2 கிராம் பொடியில் காபீன் சுமார் 64 மில்லிகிராம். காபீன் தூக்கத்தை விரட்டும். தியானின் அதன் படபடப்பைக் கொஞ்சம் தணிக்கும். மாட்சா குடித்தவர்கள் "தெளிச்சியா இருக்கு" என்று சொல்வதற்குக் காரணம் இந்த ஜோடிதான்.

ஜப்பானில் மியாகி மாநிலத்தில் 40,530 பேரைப் பல வருடம் கவனித்தார்கள். முடிவு 2006-ல் வெளிவந்தது. நாளுக்கு 5 கப்புக்கு மேல் கிரீன் டீ குடித்தவர்களில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற நோய்களால் செத்தவர்கள் குறைவு. பெண்களிடம் அந்தப் பலன் இன்னும் அதிகம். ஆனால் புற்றுநோய்ச் சாவு குறையவில்லை. விளம்பரத்தில் இந்தப் பாதி மட்டும் காணாமல் போய்விடுகிறது! தவிர, அவர்கள் குடித்தது சாதாரண கிரீன் டீ.

தொப்பை விஷயம் அதைவிட மோசம். கிரீன் டீயால் எடை குறையுமா என்று நடந்த சோதனைகளை எல்லாம் திரட்டி 2012-ல் "காக்ரேன்" என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு பார்த்தது. குறைகிற எடை பேர் சொல்லும்படி இல்லை என்று கையை விரித்துவிட்டது. ரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் சிறிதளவு இறங்கலாம். மாத்திரையின் இடத்தைப் பிடிக்கிற அளவுக்கு அல்ல.

பழைய பந்தம்

தேயிலை இந்தத் தீவுக்குப் புதிய சரக்கு அல்ல. இலங்கையில் 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கிய பிறகு, மலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலிகளில் பெரும்பகுதி இந்தக் கடற்கரை வழியாகத்தான் போனார்கள். மண்டபம் முகாமில் அடைத்து வைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகே அனுப்பினார்கள். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் தீவின் குறுக்கே ரயில் ஓடியது. தனுஷ்கோடியில் கப்பல் காத்திருந்தது.

1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதாக முடிவாயிற்று. அந்த டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு ராமேசுவரத்தில் வந்து இறங்கினார்கள், தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய ஜனங்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில் தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. 1968-ல் தொடங்கிய அந்தத் திட்டம்தான் பிறகு "டான்டீ" ஆனது.

நம்ம டீ சளைத்ததா?

சளைத்ததில்லை. இங்கிலாந்தில் சுமார் 5 லட்சம் பேரைக் கவனித்த ஆய்வு 2022-ல் வந்தது. அங்கே பெரும்பாலோர் குடிப்பது நம்மைப்போல் கறுப்புத் தேயிலை. நாளுக்கு 2 கப்புக்கு மேல் குடித்தவர்களிடம் மரணம் 9 முதல் 13 சதவீதம் குறைவு. பால் ஊற்றியவர்களிடமும் அப்படியே. டீ குடித்ததால்தானா என்று இத்தகைய ஆய்வு அடித்துச் சொல்லாது. மியாகி ஆய்வுக்கும் அதே கதிதான்.

ஒரு சின்ன மாட்சா டப்பாவின் விலைக்கு ஒரு குடும்பம் மாதக்கணக்கில் தேயிலைத் தூள் வாங்கலாம். கெடுதி தூளில் இல்லை. அதோடு சேர்கிற சாமான்களில் இருக்கிறது.

சீனிதான் முதல் குற்றவாளி. கிளாஸுக்கு 2 ஸ்பூன் என்றால் சுமார் 10 கிராம். நாளுக்கு 6 டீ என்றால் 60 கிராம். 50 கிராமைத் தாண்டாதே, 25-க்குள் நின்றால் உத்தமம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயிலேயே கோட்டா தீர்ந்து, கடனும் ஏறிவிடுகிறது. அப்புறம் அந்தச் சர்க்கரைக்கு மாட்சாவில் மருந்து தேடினால் எப்படி?

இரண்டாவது சூடு. பாய்லரிலிருந்து இறங்கியதும் வாய் பொசுங்கக் குடிப்பவர்கள் உண்டு. 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று 2016-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பிரிவு சொல்லிவிட்டது. இரண்டு ஆற்று ஆற்றிக் குடித்தால் என்ன நஷ்டம்?

சோறும் டீயும்

மூன்றாவதுதான் பெண்கள் கவனிக்க வேண்டியது. சாப்பாட்டோடு, அல்லது சாப்பிட்ட கையோடு டீ குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு இழுக்கவிடாமல் துவர்ப்பு தடுத்துவிடும். கறுப்பு டீயும் செய்யும், மாட்சாவும் செய்யும்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநல சர்வே சொல்கிற கணக்கு இது. இரண்டு பேரில் ஒருத்தி! காலையில் இட்லிக்கு ஒரு டீ, ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்பு மாத்திரைக்கு ஒரு டீ என்று குடிக்கிற வீடுகளில் மாத்திரையின் பலன் பாதி தண்ணீரில் போகிறது.

சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ குடித்தால் இந்தத் தொல்லை பெருமளவு இல்லை. சோற்றோடு எலுமிச்சை சேர்த்தால் இரும்பு கூடுதலாக ஏறும்.

யார் ஜாக்கிரதை?

இதய வால்வு ஆபரேஷன் செய்து, ரத்தம் உறையாமல் இருக்க "வார்பரின்", "அசிட்ரோம்" மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாட்சாவைத் தொடக் கூடாது. இலையையே விழுங்குவதால் 2 கிராமில் வைட்டமின் கே 58 மைக்ரோகிராம் போகிறது. அது மாத்திரையின் வேலையைக் கெடுக்கும்.

கர்ப்பிணிகள் நாளுக்கு 200 மில்லிகிராம் காபீனுக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். மாட்சா 3 கப் போனால் எல்லை வந்துவிடும். இடையில் குடித்த டீ, காபியும் சேரும்.

கிரீன் டீ சத்தை இறுக்கி மாத்திரையாக விற்பது தனி ஆபத்து. அதிலுள்ள முக்கிய காட்டெச்சின் நாளுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் ஈரல் பாதிக்கப்படும் அறிகுறி தெரிகிறது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. கலக்கிக் குடிக்கிற டீக்கு இந்தப் பயம் இல்லை.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு

நல்ல மாட்சா பளிச்சென்ற பச்சையாக இருக்கும். மஞ்சளோ பழுப்போ தட்டியிருந்தால் பழசு. சல்லடையில் சலித்து, கொதி அடங்கிய தண்ணீரில் கலக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசக்கும். சீனி போட்டால் வாங்கிய காசு வீண்.

கடைத் தூளில் சாயம் கலந்திருக்கிறதா என்று பார்க்க வீட்டிலேயே வழி உண்டு. வெள்ளை வடிதாளில் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, தூளைக் கொட்டிக் கழுவுங்கள். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். திட்டுத் திட்டாகச் சாயம் ஏறியிருந்தால் அந்தத் தூள் கலப்படம்.

கடற்கரை ஊர், காற்றில் எப்போதும் ஈரம். மாட்சா டப்பாவைத் திறந்து போட்டால் சில நாளிலேயே கட்டி தட்டி நிறம் மாறும். இறுக மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.