தொழில்நுட்ப வழிகாட்டி ஆகலாமா?

பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் அப்படி ஒருவர் இருப்பார். ஸ்மார்ட் போர்டு வேலை செய்யவில்லை என்றால் அவரைக் கூப்பிடுவார்கள். பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் ஈமிஸ் தளத்தில் பதிவு ஏறவில்லை என்றாலும் அவர்தான். பிப்ரவரி வந்தால் பாதி ஊழியர்களின் வருமான வரிக் கணக்கும் அவர் மேசைக்கு வந்துவிடும். யாரும் ஆணை போட்டுக் கொடுத்த வேலையல்ல. "சார், ஒரு நிமிஷம் இதைப் பாருங்களேன்" என்று தொடங்கி, அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் தலைமையாசிரியரோ வட்டார வள மையமோ அவரிடம் கேட்கும்: மற்ற ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பத்தில் வழிகாட்டியாக இருக்கிறீர்களா?

அந்த இடத்தில் நீங்கள் இருந்தால், உடனே தலையாட்டிவிடாதீர்கள். இதுவரை செய்துவந்ததும் இப்போது கேட்கப்படுவதும் வேறு வேறு வேலைகள்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கருவிகளுக்குப் பஞ்சம் என்று இப்போது சொல்ல முடியாது. 2018இல் புதிய பாடநூல்கள் க்யூஆர் குறியீடுகளோடு வந்தன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி, 2023இல் மணற்கேணி செயலி, இடையில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பயிற்சியும் நடக்கிறது. ஒரு கூடம், ஒரு புரொஜெக்டர், ஒரு கருத்தாளர், நடுவில் தேநீர். அங்கே எல்லாம் புரிந்தது போலத்தான் இருக்கும். திங்கட்கிழமை வகுப்பில் இணையம் சுற்றிக்கொண்டே இருக்க, பின் வரிசையில் சத்தம் கிளம்ப, ஆசிரியர் சாக்பீஸை எடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் யாரும் சோதனை செய்து பார்க்க விரும்புவதில்லை.

அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இருவர் 1980களிலேயே இதை ஆராய்ந்தார்கள். விளக்கிச் சொல்வதும் செய்துகாட்டுவதும் மட்டும் போதாது. பயிற்சி முடிந்தபின் வகுப்பறையில் தொடர்ந்து கூடவே ஓர் ஆள் இருந்தால்தான் புதிய முறை நிலைக்கும் என்றார்கள். வழிகாட்டியின் வேலை அந்தத் திங்கட்கிழமைக்கானது.

அதே இருவர் 1996இல் எழுதியது இன்னும் சுவாரசியமானது. ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை மற்றவர் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லும் வழக்கத்தையே அவர்கள் கைவிட்டிருந்தார்கள். கருத்து என்று தொடங்கியதும் அது மதிப்பீடாக மாறி, சேர்ந்து வேலை செய்வது கெட்டுப்போனதாம். அதனால் 'பயிற்சியாளர்' என்ற சொல்லின் பொருளையே திருப்பிப் போட்டார்கள்: பாடம் நடத்துபவர்தான் பயிற்சியாளர், உட்கார்ந்து பார்ப்பவர்தான் கற்பவர். நம் ஊருக்கு இது இன்னும் பொருந்தும் என்பது என் எண்ணம். நோட்டுப் புத்தகத்தோடு பின்வரிசையில் ஒருவர் உட்கார்ந்தாலே இங்கே ஆய்வு அலுவலர் நினைவுதான் வரும். பணியில் மூத்த ஆசிரியரின் வகுப்புக்கு நீங்கள் போவதைவிட, "நாளைக்கு மூணாவது பாடவேளை நான் இதை நடத்துறேன், வந்து பாருங்க டீச்சர்" என்று அழைப்பது நல்லது. உங்கள் வகுப்பில் இணையம் நின்றுபோனால் நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதையும் அவர் பார்ப்பார். அது பயிற்சிக் கூடத்தில் கிடைக்காத பாடம்.

வழிகாட்டியாக இருக்கக் கணினி மேதையாக வேண்டியதில்லை. அரைவட்டத்தில் அமையும் கோணம் ஏன் எப்போதும் 90 பாகைதான் என்பதை ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் புள்ளியை இழுத்துக் காட்டலாம். கணக்குப் புத்தகத்தில் 'இணையச் செயல்பாடு' என்ற தலைப்பில் இத்தகைய பயிற்சிகள் இருக்கின்றன. எதை எப்போது காட்ட வேண்டும், எங்கே நிறுத்தி "ஏன்?" என்று கேட்க வேண்டும் என்பது கணக்கு ஆசிரியருக்குத்தான் தெரியும். மென்பொருள் மட்டும் தெரிந்தவர் புள்ளியை இழுத்துக்கொண்டே இருப்பார்.

தேவைப்படுவது வேறொரு குணம். சக ஆசிரியர் கர்சரைத் தேடித் திரையெங்கும் அலையும்போது, மவுஸைப் பிடுங்காமல் இருக்க உங்களால் முடியுமா? நீங்கள் செய்தால் பத்து நொடி, அவர் செய்தால் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் இந்த வேலையில் கடினமானது. அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் மறுத்துவிடலாம். அதில் குறைவொன்றும் இல்லை.

அடுத்தது நேரம். தலைமையாசிரியரிடம் நேராகவே கேளுங்கள்: வாரத்தில் இதற்கென்று எத்தனை பாடவேளை? கால அட்டவணையில் இடம் இல்லையென்றால், மதிய உணவு வேளையும் மாலை நேரமும்தான் போகும். பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ உங்களிடம் இருந்தால் டிசம்பருக்குமேல் அதுவும் இருக்காது. பணம் பற்றியும் கேட்டுவிடுங்கள். பள்ளிக்குள் செய்யும் இந்த வேலைக்குப் பெரும்பாலும் தனி ஊதியம் எதிர்பார்க்க முடியாது.

எல்லைக்கோட்டையும் தொடக்கத்திலேயே போட்டுவிட வேண்டும். பாடம் நடத்த உதவுவது வழிகாட்டுதல். ஈமிஸ் பதிவு, ஓடிபி, களஞ்சியம் செயலியில் விடுப்பு விண்ணப்பம் இதெல்லாம் அலுவலக வேலை. இரண்டையும் ஒரே ஆள் பார்த்தால் அலுவலக வேலைதான் ஜெயிக்கும், ஏனென்றால் அதற்குத்தான் கடைசித் தேதி உண்டு. "ஈமிஸ்ல ஒரு சந்தேகம்" என்று வருபவரை முகத்தில் அடித்தாற்போல் அனுப்பச் சொல்லவில்லை. ஒருமுறை அவரையே செய்யவைத்து, அவர் கையாலேயே படிகளைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டு ஆசிரியர் மட்டுமுள்ள தொடக்கப் பள்ளியில் இந்தக் கணக்கே மாறும். ஒருவர் மற்றவர் வகுப்புக்குப் போனால் ஒரு வகுப்பு ஆளில்லாமல் நிற்கும். அங்கே குறுவள மையக் கூட்டத்தில் பக்கத்துப் பள்ளி ஆசிரியரோடு சேர்ந்துகொள்வதுதான் நடக்கக்கூடிய வழி.

இன்னும் முடிவு எடுக்க முடியவில்லையா? பள்ளி முழுவதற்கும் ஒப்புக்கொள்ளாமல், காலாண்டுத் தேர்வு வரை ஓர் ஆசிரியரோடு மட்டும் செய்து பாருங்கள். ஆர்வக் கோளாறு பிடித்த இளையவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவர் நீங்கள் இல்லாமலேயே கற்றுக்கொள்வார். "இதெல்லாம் நமக்கு எதுக்கு சார்" என்பவராகப் பாருங்கள். அவர் பாடத்தில் அவருக்கே தலைவலி தரும் ஓர் அலகை அவரே சொல்லட்டும், அதிலிருந்து தொடங்குங்கள். தேர்வு வரும்போது அவர் உங்களைக் கூப்பிடாமல் ஒரு பாடவேளையாவது நடத்தியிருந்தால் தலைமையாசிரியரிடம் போய்ச் சம்மதம் சொல்லலாம். கேபிள் மாட்டக்கூட உங்களைத்தான் தேடுகிறார் என்றால், அவரிடம் இருக்கும் தடை என்ன, உங்களிடம் இருக்கும் அவசரம் என்ன என்று பார்த்துவிட்டு அரையாண்டு வரை பதிலைத் தள்ளிப்போடுங்கள்.