கணையம் தன்னையே செரித்துக்கொள்ளாதது எப்படி?

இரைப்பைக்குப் பின்னால் குறுக்காக அமைந்திருக்கும் கணையம் நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் நீரைச் சுரக்கிறது. இறைச்சியையும் பருப்பையும் சிதைக்கும் புரத நொதிகள் அதில் அடக்கம். கணையமும் புரதத்தால் ஆன திசுதான். இந்த நொதிகள் பிறந்த இடத்திலேயே வேலையைத் தொடங்கினால் முதலில் அழிவது அவற்றை உண்டாக்கிய உறுப்பே.

அதனால்தான் கணையம் இத்தகைய நொதியான டிரிப்சினை நேரடியாகச் சுரப்பதில்லை. டிரிப்சினோஜன் என்ற செயலற்ற வடிவத்தில்தான் வெளியே அனுப்புகிறது. அதன் முனையிலுள்ள சிறு அமினோ அமிலத் தொடரை வெட்டி எடுத்தால் மட்டுமே அது டிரிப்சின் ஆகும். வெட்டும் நொதியான என்டெரோகைனேஸோ கணையத்தில் கிடையாது. முன்சிறுகுடலின் உட்சுவரில் பதிந்திருக்கிறது. ஆயுதம் ஓர் உறுப்பில், அதை இயக்கும் விசை இன்னோர் உறுப்பில். ரஷ்யாவில் பாவ்லோவின் ஆய்வகம் 1899இல் வெளிக்கொண்டுவந்த இந்த ஏற்பாடு, செரிமான மண்டலத்திலேயே மிக நுட்பமானது.

அச்சம் தருவதும் இதே ஏற்பாடுதான். உருவான சிறிதளவு டிரிப்சின், எஞ்சிய டிரிப்சினோஜனையும் கைமோடிரிப்சினோஜன் முதலான பிற செயலற்ற நொதி வடிவங்களையும் தானே வெட்டி இயக்கத் தொடங்கிவிடும். குடலில் இது நன்மை. கணையத்துக்குள் நடந்தால் பேராபத்து. தவறி உருவாகும் டிரிப்சினைப் பிடித்து முடக்க, ஸ்பிங்க்1 என்ற காவல் புரதம் அங்கே இருக்கிறது. பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலோ மது செல்களைத் தாக்கினாலோ அந்தக் காவல் போதாமல் போய், கணைய அழற்சி உண்டாகலாம். தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்தில், அதிகம் காணப்பட்ட வெப்பமண்டலக் கணைய அழற்சி நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்1 மரபணுவிலேயே மாற்றம் இருந்தது.

சுரக்க வேண்டிய நேரத்தைக் குடலே தீர்மானிக்கிறது. இரைப்பையின் அமிலம் முன்சிறுகுடலைத் தொட்டதும் சீக்ரெட்டின் என்ற ஹார்மோன் வெளிப்பட்டு, அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டைக் கணையத்திலிருந்து வரவழைக்கிறது. உடலியல் அறிஞர்கள் பேலிஸும் ஸ்டார்லிங்கும் லண்டனில் 1902இல் கண்டறிந்தது இது. கொழுப்பும் புரதமும் வந்தால் கோலிசிஸ்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன் சுரந்து, நொதிகளை வரவழைப்பதோடு பித்தப்பையையும் சுருங்க வைக்கும்.

கடைகளில் விற்கும் ‘செரிமான நொதி’ சிரப்புகள், உடலில் நொதி போதவில்லை என்ற அனுமானத்தின் மேல் நிற்பவை. அந்த அனுமானம் பெரும்பாலோருக்குப் பொருந்தாது. கொழுப்பைச் செரிக்கும் கணைய நொதியான லிபேஸின் சுரப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்த பிறகே கொழுப்புச் செரிமானம் வெளிப்படையாகக் கெடுகிறது. நாள்பட்ட கணைய அழற்சி போன்ற நிலைகளில் மருத்துவர் தரும் கணைய நொதி மாத்திரைகள் வேறு வகை. அவற்றுள் பெரும்பாலானவை இரைப்பை அமிலத்தில் கரையாத பூச்சுடன் வருபவை.

செரிமானம் பற்றி எழும் வேறு சில கேள்விகள்: பித்தநீரில் செரிமான நொதி உண்டா? இல்லை; கொழுப்பை நுண்துளிகளாக உடைத்து லிபேஸுக்கு வழிவிடுவதே அதன் பணி.

பால் ஒத்துக்கொள்ளாததற்குக் கணையமா காரணம்? அல்ல, சிறுகுடல் சுவரில் லாக்டேஸ் நொதி குறைவதே.

நார்ச்சத்து? மனித நொதி எதுவும் அதைச் செரிக்காது. ஒரு பகுதியைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன.

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் கடும் வலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால், அஜீரணம் என்று சிரப்பு குடித்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.