உருவங்களின் கூட்டலும் கழித்தலும்

வட்டமாக வெட்டிய கடதாசியொன்றின்மேல், சற்று விலகி மற்றொரு வட்டத்தை வைத்து, அது மறைக்கும் பகுதியை வெட்டி நீக்கினால் பிறைமதி எஞ்சும். கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இஃது எளிய காரியம். கணினிக்கோ இது நுட்பமான கணக்காகும்.

கணினியில் காவி உருவம் என்பது நிறப் புள்ளிகளின் குவியல் அன்று. எல்லைக்கோட்டின் ஆள்கூறுகளே அது. இத்தகைய உருவங்களை இணைக்கும் செயல்களுக்குப் பூலியன் செயல்கள் என்று பெயர். இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1815இல் சப்பாத்துத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, பள்ளி ஆசிரியராகிப் பின் பேராசிரியராக உயர்ந்த ஜோர்ஜ் பூல், 1854இல் சிந்தனையின் விதிகளைக் கணிதமாக்கி நூலொன்று வெளியிட்டார். 'இதுவும் அதுவும்', 'இதுவோ அதுவோ', 'இது அன்று' என்னும் அவருடைய தருக்கமே இன்று உருவங்களையும் ஆள்கின்றது.

பத்து அலகுப் பக்கமுள்ள இரு சதுரங்கள், மூலையில் நான்கு அலகுப் பக்கமுள்ள சதுரமாக ஒன்றன்மேலொன்று படிகின்றன என்று கொள்வோம். பொதுப் பகுதியாகிய இடைவெட்டு 16 சதுர அலகு. ஒன்றிப்பு, நூறும் நூறும் கூட்டிப் பதினாறைக் கழிக்க 184. ஒன்றிலிருந்து மற்றதை நீக்கிய வித்தியாசம் 84. பொதுப் பகுதியை மட்டும் விலக்கினால் எஞ்சுவது 168.

இதனைக் கணினி எவ்வாறு செய்கின்றது? முதலில் எல்லைகள் வெட்டும் புள்ளிகளைக் காண்கின்றது. இங்கு அவை இரண்டு. அப்புள்ளிகளில் எல்லைகளைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டும் மற்ற உருவத்தின் உள்ளேயா வெளியேயா என்று ஆராய்கின்றது. ஒன்றிப்புக்கு வெளித்துண்டுகளையும் இடைவெட்டுக்கு உட்டுண்டுகளையும் தொடுத்து விடுகின்றது. வைலர், அதர்ட்டன் ஆகியோர் 1977இலும், வட்டி என்பார் 1992இலும் வெளியிட்ட முறைகள் இத்துறையில் புகழ் பெற்றவை.

இடர் எங்கே எழுகின்றது? இரு பக்கங்கள் ஒன்றின்மீதொன்று சரியாகப் படியும்போதுதான். வழக்கமான தசமக் கணக்கில் 0.1உம் 0.2உம் கூட்டினால் கணினிக்கு 0.3 சரியாக வருவதில்லை. அந்த அற்ப வேறுபாடே, 'உள்ளே' என்பதை 'வெளியே' என்று கூறச் செய்து, உருவத்தைச் சிதைத்துவிடும். ஆதலால் ஆள்கூறுகளை முழு எண்களாக மாற்றிக் கணக்கிடும் வழக்கமும் உண்டு.

இதன் பயன் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. இரு பட்டைகளைக் குறுக்கே வைத்துக் கூட்டற்குறி வரைந்து, அவற்றை ஒன்றிக்காமல் வெட்டுப்பொறிக்கு அனுப்பினால், அலகு பட்டைகளின் நடுவிலும் ஓடி ஒட்டுத்தாளை வீணாக்கும். ஒற்றை இரட்டை விதிப்படி நிறம் தீட்டினாலோ, நடுச்சதுரம் வெறுமையாய் நிற்கும். ஒன்றித்துவிட்டால் பன்னிரு மூலைகளுள்ள ஒரே எல்லைதான் மிஞ்சும்.

எழுத்துருக்களும் பெயர்ப்பலகைகளும் பிழையின்றி அமைவதற்கு, எது உள்ளே, எது வெளியே என்னும் தெளிவே அடிப்படையாகும்.